கிருபையும் கிழங்குக் காசும்

கொல்லிமலைக்கு வர்ற டவுன் நண்பர்கள் பாக்கற இடமெல்லாம் பெரும்பாலும் ஒண்ணாத்தான் இருக்கும். காரவள்ளியில ஏறி, 70 கொண்டை ஊசி வளைவையும் எண்ணிக்கிட்டே போயி, ஆகாய கங்கையில குளிச்சு, அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, மிளகும் பலாப்பழமும் வாங்கிட்டு இறங்கிருவாங்க. இப்ப எங்க முள்ளுக்குறிச்சி வழியாவும் மலைக்கு ரோடு இருக்குது. வளைவு கம்மி, கூட்டமும் கம்மி. அந்த வழியா வர்றவங்க எங்க குச்சிக்கிழங்குக் காட்டைப் பாத்து "இது என்ன செடிங்க?"ன்னு வண்டிய நிறுத்திக் கேப்பாங்க. சவ்வரிசி இதுல இருந்துதாங்க வருதுன்னு சொன்னா நம்பமாட்டாங்க.

யாரும் கேக்காத இடம் ஒண்ணு மேல இருக்குது. வாழவந்திப் பக்கம் ரெண்டு கல்லறை. ஒரு வெள்ளைக்காரரும் அவர் சம்சாரமும் பக்கத்துல பக்கத்துல கெடக்காங்க. அவரு செத்தது 1929ல. அந்தம்மா செத்தது 1974ல. நடுவுல 45 வருஷம்.

முன்னாடியே சொல்லிடறேன். நான் கிறிஸ்தவன் இல்லீங்க. வருஷா வருஷம் கருப்பனாருக்குக் கெடா வெட்டற குடும்பம் எங்களது. ஆனா கிருபை, மனந்திரும்புதல் அப்படின்ற ரெண்டு வார்த்தையும் எங்க வீட்டுத் திண்ணைக்கே வந்து உக்காந்துக்கிச்சு. அது எப்படி வந்துச்சுன்னு பின்னாடி சொல்றேன். மொதல்ல அந்த ரெண்டு கல்லறை.

ஜெஸ்ஸி பிராண்ட்னு பேரு. இங்கிலாந்துல வீடு கட்டற குடும்பத்துல பொறந்தவரு. 1907ல மிஷனரியா இந்தியாவுக்கு வந்தாரு. சேந்தமங்கலத்துல இருந்த பாப்டிஸ்ட் மிஷன்ல வேலை. அங்கிருந்து பாத்தா இந்த மலை தெரியும். மலையில ஆஸ்பத்திரி கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது, ரோடு கிடையாது. கீழ இருக்கற ஆளுங்களே மேல போகப் பயப்படுவாங்க, காரணம் மலேரியா. மலைக்காய்ச்சல்னு எங்க தாத்தா காலத்துல சொன்னா சாவுன்னே அர்த்தம். பிராண்ட் எவிலின்னு ஒரு அம்மாவை 1913ல சேந்தமங்கலத்துல கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. கல்யாணம் முடிஞ்ச கையோட மலைக்குக் கிளம்பிட்டாங்க. டோலி தூக்க வர்றேன்னு சொன்ன ஆளுங்க வரல. மழை வேற. அந்தம்மா கல்யாணத்துணியோட நடந்தே ஏறியிருக்காங்க. லண்டன்ல வசதியா வளந்தவங்க அவங்க.

அவங்க பையன் பால் பிராண்ட் 1914ல பொறந்தாரு. பின்னால வேலூர் சி.எம்.சி.யில டாக்டரா இருந்து, தொழுநோயில மடங்கிப்போன கைய ஆபரேஷன் பண்ணி நிமித்தறதைக் கண்டுபிடிச்சு உலகம் பூரா பேரெடுத்தாரே, அவரேதான். சின்னப் பையனா இருந்தப்போ இந்த மலையில மரத்துமேல ஏறி உக்காந்துதான் பாடம் படிச்சாராம். அவங்கப்பா ஜனங்களோட கால்ல இருந்து நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில சுத்திச் சுத்தி இழுத்து எடுக்கறத பாத்துருக்காரு. குளத்துல கால் வெச்சு இறங்கித் தண்ணி மொள்ற பழக்கத்தாலதான் அந்தப் புழு பரவுதுன்னு பிராண்ட் ஊர் ஊராச் சொல்லி, கெணறு வெட்ட வெச்சாரு. தச்சு வேலை, செங்கல் சூளைன்னு சொல்லிக் குடுத்தாரு. கமலா ஆரஞ்சு நாத்து கொண்டாந்தாரு. வைத்தியம் ஒரு வருஷம் மட்டுந்தான் படிச்சவரு, பல்லு புடுங்கறதுல இருந்து எல்லாத்தையும் பாத்தாரு.

இவ்வளவும் செஞ்சாரு. மருந்து வாங்கினாங்க, பல்லைப் புடுங்கிக்கிட்டாங்க, கும்புடு போட்டாங்க. ஆனா வருஷக்கணக்கில ஒரு ஆளு கூட அவரோட சாமிய ஏத்துக்கல.

காரணம் ஒரு பூசாரின்னு சொல்றாங்க. மலையில பூசாரி வாக்குன்னா சாதாரணம் இல்லீங்க. இன்னைக்கும் விதைக்கறதுக்கு நாள் கேட்டு நிக்கறவங்க இருக்காங்க. அந்தப் பூசாரி வெள்ளைக்காரன் சாமிகிட்டப் போறவனுக்கு ஊர்ல இடமில்லன்னு சொல்லிட்டாரு. எனக்கு அவர்மேல கோவம் வரல. அவரு எடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்னு நினைக்கறேன். எங்கிருந்தோ வந்த ஒருத்தன் ஒரு கையில மருந்தையும் இன்னொரு கையில புஸ்தகத்தையும் வெச்சுக்கிட்டு நின்னா, எந்தக் கைய நம்பறது? இந்தக் கேள்வி இன்னைக்கும் மலையில இருக்குது, நம்ம நாடு பூரா இருக்குது. மருந்துக்காக மதம் மாறினாங்கன்னு ஒரு கட்சி, மதம்னு ஒண்ணு இல்லைன்னா மருந்தே வந்திருக்காதுன்னு ஒரு கட்சி. ரெண்டுலயும் உண்மை கொஞ்சம் இருக்கு.

அப்புறம் 1918ல அந்த விஷக்காய்ச்சல் வந்துச்சு. ஸ்பானிஷ் ஃபுளுன்னு கொரோனா சமயத்துல டிவியில அடிக்கடி சொன்னாங்களே, அதான். இந்தியாவுல மட்டும் ஒரு கோடிக்கும் மேல செத்துப்போனாங்க. மலையும் தப்பிக்கல. ஒரு வீட்டுல காய்ச்சல் வந்தா பக்கத்து வீட்டுக்காரன் காட்டுக்குள்ள ஓடிருவான். பூசாரிக்கும் வந்துச்சு, அவரு சம்சாரத்துக்கும் வந்துச்சு. ஒருத்தரும் அந்த வீட்டுப் பக்கம் போகல. அத்தனை வருஷமா வாக்குக் கேட்டு நின்னவங்களும் போகல. கஞ்சியும் மருந்தும் எடுத்துக்கிட்டுப் போனது, அவரு விரட்டின அந்த வெள்ளைக்காரரு.

பூசாரி பொழைக்கல. சாகறதுக்கு முன்னாடி அவரு சொன்னது இதுதான்: என் பொண்ணை நீங்க எடுத்து வளருங்க. கைக்குழந்தை. நீங்க கும்புடற சாமிதான் நெசமான சாமியா இருக்கணும், சாகக் கெடக்கறவன்கிட்ட நீங்க மட்டுந்தானே வந்தீங்க, அப்படின்ற அர்த்தத்துல பேசினாருன்னு சொல்லுவாங்க. குழந்தையும் பிராண்ட் வீட்டுக்கு வந்து சேந்துச்சு. எலும்பும் தோலுமா இருந்ததை எவிலின் அம்மா தேத்திக் காப்பாத்திட்டாங்க. பூசாரியே தன் புள்ளைய அவங்ககிட்டக் குடுத்துட்டாருன்ற சேதி மலை பூரா போச்சு. அதுக்கு அப்புறந்தான் ஒருத்தர் ரெண்டு பேருன்னு வர ஆரம்பிச்சாங்க.

இந்தக் கதைய நான் பல தடவை யோசிச்சிருக்கேன். மனந்திரும்புதல்னு கிறிஸ்தவங்க சொல்றாங்களே, அது பூசாரிகிட்ட எங்க நடந்துச்சு? அவரு "நான் பாவி"ன்னு ஜெபம் பண்ணல. ஞானஸ்நானம் வாங்கல. நான் உங்களை விரட்டினது தப்புன்னு சொன்னதாக்கூட கதையில இல்ல. புள்ளையத் தூக்கிக் குடுத்தாரு, அவ்வளவுதான். என்னைக் கேட்டா, அதுக்கு மேல ஒருத்தன் எப்படித் திரும்ப முடியும்? யாரை ஊருக்குள்ள விடக்கூடாதுன்னு நின்னாரோ, அவங்க மடியிலயே தன் வம்சத்தை வெச்சுட்டாரு.

கிருபைங்கற வார்த்தையப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். நம்ம பக்கத்துல சி.எஸ்.ஐ., பெந்தெகோஸ்தே ஆளுங்க கிருபைம்பாங்க. ரோமன் கத்தோலிக்க ஆளுங்க அருள்னு சொல்லுவாங்க. அருள்னு சொன்னா நமக்கு உடனே புரியுது, ஏன்னா அது நம்ம கோயில்லயும் பொழங்கற வார்த்தை. நம்ம வைஷ்ணவப் பெரியவங்களே இதுல ரெண்டு கட்சி. வடகலைக்காரங்க குரங்குக் குட்டிய உவமை சொல்லுவாங்க, குட்டிதான் தாயை இறுக்கிப் புடிச்சுக்கணும். தென்கலைக்காரங்க பூனைக்குட்டிய சொல்லுவாங்க, குட்டி ஒண்ணும் செய்ய வேண்டாம், தாயே கழுத்தைக் கவ்வித் தூக்கிட்டுப் போயிரும். நீ திரும்பினாத்தான் கடவுள் எடுப்பாரா, இல்ல அவரு எடுக்கறதாலதான் நீ திரும்பறியா? இதே சண்டை கிறிஸ்தவங்களுக்குள்ளயும் நூத்துக்கணக்கான வருஷமா நடந்துக்கிட்டு இருக்குதாம். இத ஒரு உபதேசியார் என்கிட்டச் சொன்னப்போ நான் பூனைக் கதையச் சொன்னேன். அவரு ரொம்ப நேரம் சிரிச்சுட்டு நோட்டுல எழுதிக்கிட்டாரு.

எனக்குப் பூனையும் குரங்கும் ஒத்துவருது. பைபிள்ல ஒத்துவராதது ஒரு கதை இருக்குது. ஒரு தோட்டக்காரன் காலையில ஆள் கூப்புட்டு வேலைக்கு விடறான். கூலி ஒரு பணம்னு பேசிக்கறாங்க. அப்புறம் ஒன்பது மணிக்குக் கொஞ்சம் பேரு, மத்தியானம் கொஞ்சம் பேரு, பொழுது சாயறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி கொஞ்சம் பேரைக் கூப்புடறான். சாயங்காலம் கடைசியா வந்தவனுக்கும் ஒரு பணம், வெயில்ல வெந்தவனுக்கும் ஒரு பணம். காலையில வந்தவன் கேட்டா, உனக்குப் பேசினதைக் குடுத்துட்டேன், என் காசை நான் தாராளமாக் குடுத்தா உனக்கு என்னன்னு கேக்கறான்.

இதை எழுதி வெச்சவங்க சின்ன வெங்காயம் அறுவடைக்கு ஆள் விட்டிருந்தா தெரியும். எங்க காட்டுல நான் அப்படிக் குடுத்தேன்னா அடுத்த நாள் ஏழு மணிக்கு ஒரு ஆளும் வராது, எல்லாரும் நாலு மணிக்குத்தான் வருவாங்க. கூலி ஆள் கிடைக்காத காலத்துல இது ஆகற கதையா? இப்படித்தான் நான் ரொம்ப நாள் பேசிக்கிட்டு இருந்தேன். எங்க காட்டுக்கு வர்ற ஒரு பாட்டிம்மா வேற மாதிரி கேட்டாங்க: "ஏஞ்சாமி, அந்தக் கடைசி ஆளு பொழுது வரைக்கும் எங்க நின்னுட்டு இருந்தானாமா?" கதையிலயே இருக்குது. கடைத்தெருவுல நின்னுட்டு இருந்தான், ஒருத்தரும் கூப்புடல. "கூப்புடாம நிக்கறது இருக்கே, அது வேலையவிடக் கஷ்டம் சாமி. வீட்டுல அடுப்பு ஒண்ணுதானே"ன்னாங்க. கூலிக்குப் போறவங்களுக்கு அந்தக் கதை வேற மாதிரி கேக்குது. காடு வெச்சிருக்கற எனக்குத்தான் கணக்கு இடிக்குது.

ஜான் நியூட்டன்னு ஒருத்தர் கதையும் எனக்குத் தெரியும். 'அமேசிங் கிரேஸ்'ங்கற பாட்டை எழுதினவரு. சினிமாவுலகூட அந்த மெட்டைக் கேட்டிருப்பீங்க. அவரு ஆப்பிரிக்காவுல இருந்து மனுசங்களைப் புடிச்சு விக்கற கப்பல்ல வேலை பாத்தவரு. 1748ல கடல்ல ஒரு புயல், கப்பல் முழுகற நேரத்துல கடவுளைக் கூப்புட்டாரு, பொழைச்சாரு. அன்னைக்குத்தான் தனக்குக் கிருபை கிடைச்சதுன்னு சாகற வரைக்கும் சொன்னாரு. ஆனா அதுக்கப்புறமும் சில வருஷம் அடிமைக் கப்பலுக்குக் கேப்டனாப் போயிருக்காரு. 1754ல கடல் வேலைய விட்டதுகூட உடம்பு சரியில்லாமத்தான். அடிமை வியாபாரம் கொடுமைன்னு அவரு வெளிப்படையா எழுதி அச்சுப்போட்டது 1788ல. புயலுக்கும் அந்தப் புஸ்தகத்துக்கும் நடுவுல 40 வருஷம். கிருபை ஒரு ராத்திரியில வந்துருச்சு, கை திரும்பறதுக்கு 40 வருஷம் ஆகியிருக்கு. அந்த 40 வருஷத்துல கப்பல் அடியில சங்கிலியோட கெடந்தவங்ககிட்ட அந்தப் பாட்டைப் பாடிக் காட்டினா என்ன சொல்லியிருப்பாங்க?

இந்தக் கேள்விய எனக்கு யோசிக்கக் கத்துக் குடுத்தது எங்கம்மா. இப்பத்தான் திண்ணைக்கு வர்றேன்.

எங்க சித்தப்பா பையன் ஒருத்தன். என்னைவிட ஆறு வயசு சின்னவன். பேரு வேண்டாம். 1999 தை மாசம் எங்கப்பாவுக்கு வயித்துல புண்ணு வெடிச்சுருச்சு. சேலத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில சேத்தோம். ஆபரேஷனுக்குப் பணம் கட்டணும்னாங்க. அப்பக் காட்டுல கிழங்கு புடுங்கிக்கிட்டு இருந்த நேரம். நானும் அம்மாவும் ஆஸ்பத்திரியில. லோடு ஏத்தி, சேகோ பேக்டரியில எடை போட்டு, பாயிண்ட் பாத்து, காசை வாங்கிக்கிட்டு நேரா சேலத்துக்கு வந்துருன்னு இவனை நம்பித்தான் விட்டோம். 18,000 ரூபா. காசை வாங்கிட்டான். சேலத்துக்கு வரல. அவனுக்குச் சீட்டாட்டப் பழக்கம் இருந்தது, கடனும் இருந்தது. அன்னைக்கு ராத்திரி பூரா வார்டு வாசல்ல எங்கம்மா ரோட்டைப் பாத்துக்கிட்டே நின்னாங்க. நான் மறுநாள் அலைஞ்சு திரிஞ்சு வட்டிக்கு வாங்கிக் கட்டி, ஆபரேஷன் நடக்க மூணாம் நாள் ஆயிருச்சு. அஞ்சாம் நாள் அப்பா போயிட்டாரு. முன்னாடியே பண்ணியிருந்தா பொழைச்சிருப்பாருன்னும் சொல்ல முடியாது, மாட்டாருன்னும் சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொன்னாரு. அந்த ஒரு வார்த்தைய எங்கம்மா இத்தனை வருஷமா கீழ போடவே இல்ல.

அவன் ரிக் வண்டியில வேலைக்குப் போயிட்டான். எங்க மாவட்டத்துல திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டிங்க இந்தியா பூரா போகும். ஆந்திரா, மத்தியப் பிரதேசம்னு சுத்தினான். ஊர்ப்பக்கமே வரல. வண்டியில ராடு கழட்டறப்போ கூட வேலை செஞ்ச பையன் ஒருத்தன் இவன் கண்ணு முன்னாடி செத்துருக்கான். அதுக்கப்புறம் 2009ல இவன் கிறிஸ்தவனாயிட்டான். குடியும் சீட்டும் விட்டு, கல்யாணம் பண்ணி, ராசிபுரத்துப் பக்கம் குடிவந்துட்டான்னு கேள்விப்பட்டோம். வீட்டுக்கு வரல.

2016ல ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்தான். கையில மஞ்சப்பை. அதுல 72,000 ரூபா. அம்மா திண்ணையில உக்காந்து மொச்சை உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. அவன் உள்ள வரல, வாசல்ல மண்ணுல மண்டி போட்டான். பைபிள்ல சகேயுன்னு ஒரு வரி வசூல்காரன், யாரை ஏமாத்தியிருந்தாலும் நாலு மடங்காத் திருப்பிக் குடுக்கறேன்னு சொன்னான், அதனால நாலு மடங்கு கொண்டாந்திருக்கேன் பெரியம்மான்னான். காணிக்கை வைக்கப் போறப்போ உன் சகோதரனுக்கு உன்மேல மனக்குறை இருக்குன்னு நெனப்பு வந்தா, காணிக்கைய அங்கயே போட்டுட்டு மொதல்ல போயி அவன்கிட்டச் சமாதானம் ஆகுன்னு அவங்க மலைப்பிரசங்கத்துல இருக்குதாம். அத ஒவ்வொரு வாரமும் கேக்கறப்போ காணிக்கைப் பை என் கைய சுடுது அண்ணான்னு என்னைப் பாத்துச் சொன்னான்.

எங்கம்மா மொச்சை உரிக்கறத நிறுத்தல.

"உங்க சாமி உன்னை மன்னிச்சிருச்சாடா?"

"மன்னிச்சுட்டாரு பெரியம்மா."

"எப்ப?"

"2009ல."

"ஏழு வருஷம் ஆச்சு. என்னைக் கேக்காமயே மன்னிச்சிருச்சா உங்க சாமி?"

அவன்கிட்டப் பதில் இல்ல. எனக்கும் இல்ல. பெரிய பெரிய உபதேசியாருங்ககிட்டக் கேட்டும் பாத்துட்டேன். எல்லாப் பாவமும் கடைசியில கடவுளுக்கு எதிராத்தான், அதனால அவரு மன்னிக்கலாம்னு ஒருத்தர் சொன்னாரு. மனுசன்கிட்டயும் போயி நிக்காம இருந்தா அது திரும்பினதே ஆகாதுன்னு இன்னொருத்தர் சொன்னாரு. எனக்கு ரெண்டாவது ஆளு சொன்னது ஏத்துக்கற மாதிரி இருந்துச்சு. இருந்தாலும் அம்மா கேட்டது அது இல்லையே. மன்னிக்கற உரிமை யாருதுன்னு கேட்டாங்க.

நாலு மடங்கு கணக்கையும் ராத்திரி உக்காந்து போட்டுப் பாத்தேன். விவசாயி புத்தி. 18,000த்த எட்டரை வட்டிக்கு பேங்க்ல போட்டிருந்தா 17 வருஷத்துல சரியா 72,000 வந்திருக்கும். அதாவது அவன் குடுத்தது அசலும் பேங்க் வட்டியுந்தான். நான் அன்னைக்கு வாங்கின நூத்துக்கு ரெண்டு வட்டிக் கணக்குப் பாத்தா எங்கயோ போயிரும். இத நான் அவன்கிட்டச் சொல்லல. அவன் ரிக் வண்டியில அஞ்சாறு வருஷம் சேத்து வெச்ச காசு அது. அவன் சம்சாரத்தோட தோடும் அதுல இருக்குதுன்னு பின்னால தெரிஞ்சது.

அம்மா பணத்தைத் தொடல. திருப்பிக் குடுத்தா அவன் வாங்கல. என் பேருல போடாதன்னு அம்மா சொல்லிட்டாங்க. தனியா ஒரு டெபாசிட்டுல போட்டு வெச்சிருக்கேன், இப்ப ஒரு லட்சத்தைத் தாண்டிருச்சு. யாருக்குன்னு இல்லாத காசு.

அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியமாப் படுது. இவங்க சபைகள்ல சாட்சி சொல்றதுன்னு ஒரு வழக்கம் இருக்குது. நான் இப்படி இருந்தேன், ஆண்டவர் என்னை இப்படி மாத்தினாருன்னு எழுந்து நின்னு சொல்லணும். இவனும் சொல்லியிருக்கான். கிழங்குக் காசு, சீட்டாட்டம், பெரியப்பா செத்தது, எல்லாத்தையும். கேட்டவங்க அழுவாங்களாம், அல்லேலூயா சொல்லுவாங்களாம். ரெண்டு மூணு ஊர்ல கூட்டத்துக்குக் கூப்புட்டு வேற பேச வெச்சிருக்காங்க. இது எங்கம்மா காதுக்கு வந்துருச்சு. அவங்க சாதாரணமாக் கத்தற ஆளு இல்ல. அன்னைக்குக் கத்திட்டாங்க. "எம்புருசன் செத்தது அவனுக்குக் கதையாடா?"

நான் போயி அவன்கிட்ட அப்படியே சொன்னேன், கூட்டாம குறைக்காம. அவன் முகம் செத்துப்போச்சு. அன்னையில இருந்து சாட்சி சொல்றத நிறுத்திட்டான். சபையில பெரியவங்க, ஆண்டவர் செஞ்ச நன்மைய மறைக்கலாமான்னு கேட்டிருக்காங்க. அந்தக் கதை என்னோடது இல்லீங்க, அது எங்க பெரியம்மாவோடதுன்னு சொல்லிட்டானாம். அவன் நெசமாவே மனந்திரும்பிட்டான்னு நான் நம்பினது அன்னைக்குத்தான். மஞ்சப்பையோட வந்த அன்னைக்கு இல்ல.

மாசம் ஒரு தடவை வருவான். மன்னிப்பு அப்படின்னு மறுபடி வாயெடுத்ததில்ல. மோட்டார் பாப்பான், போர்வெல்லுல கம்ப்ரசர் விட்டுக் குடுப்பான், அந்த வேலையில அவன் கெட்டிக்காரன். திண்ணை ஓரத்துல உக்காந்து டீ குடிச்சுட்டுப் போவான். அம்மா ஒரு வார்த்தை பேசமாட்டாங்க. எழுந்து உள்ள போகவும் மாட்டாங்க.

எவிலின் பிராண்ட் அம்மா ஞாபகம் எனக்கு இங்கதான் வரும். புருசன் 1929ல கருநீர்க் காய்ச்சல்ல இந்த மலையிலயே செத்துப்போனாரு, மலேரியா முத்தி வர்ற காய்ச்சல் அது. அப்ப அவருக்கு 44 வயசு. எந்த மலைக்காகப் போனாங்களோ அந்த மலையே அவரை எடுத்துக்கிச்சு. அந்தம்மா கொஞ்சநாள் ஊருக்குப் போயிட்டுத் திரும்ப வந்தாங்க. மிஷன்காரங்க வயசாச்சு ஓய்வு எடுங்கன்னு சொன்னதுக்கு அப்புறம், கிட்டத்தட்ட 70 வயசுல, தனியா இந்த மலை மேலயே வந்து குடிசை போட்டாங்க. குதிரையில போவாங்க, விழுந்து எலும்பு முறிஞ்சப்புறம் ரெண்டு மூங்கில் கம்பு ஊனிப் போவாங்க. கல்ராயன் மலை, பச்சைமலைன்னு பக்கத்து மலைகளுக்கும் போனாங்க. 95 வயசுல செத்தாங்க. எங்க ஊர்ப் பக்கத்துப் பெருசுங்க சிலபேருக்கு அந்தக் கிழவி குதிரையில போனது இன்னும் நினைவிருக்கு. புருசனைத் தின்ன மலைய அந்தம்மா எந்த நாள்ல மன்னிச்சாங்கன்னு தேதி போட்டு யாராலயும் சொல்ல முடியாது. திரும்பத் திரும்ப ஏறிக்கிட்டே இருந்தாங்க.

போன தை மாசம் கிழங்கு புடுங்கினோம். லோடு கூடப் போக ஆளில்ல. எனக்கு முழங்கால் வலி, பையன் ஓசூர்ல வேலைக்கு இருக்கான். இவன் அன்னைக்கு மோட்டார் பாக்க வந்திருந்தான். நான் போறேன் அண்ணான்னான். நான் அம்மாவைத் திரும்பிப் பாத்தேன். அவங்க லாரியப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அவங்களுக்கு இப்ப 80 ஆகப் போகுது. ஒண்ணும் சொல்லல. லாரி போயிருச்சு.

சாயங்காலம் ஆறு மணி, ஏழு மணின்னு ஆச்சு. பேக்டரியில வண்டி வரிசை கட்டி நின்னா நேரமாகும்னு எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். ஆனா அவங்க திண்ணையவிட்டு எழல, சோறும் வேண்டாம்னுட்டாங்க. ரோட்டைப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. எட்டரை மணிக்கு வந்தான். எடைச்சீட்டையும் பணத்தையும் என்கிட்ட நீட்டினான். அம்மா குறுக்க கைய நீட்டி வாங்கினாங்க. விளக்கு வெளிச்சத்துல வெச்சு எச்சில் தொட்டு எண்ணினாங்க. திரும்ப ஒருவாட்டி எண்ணினாங்க.

"பாயிண்ட் எவ்வளவு வந்துச்சு?"

என்னைப் பாத்துக் கேக்கல. அவன் கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் பதில் சொன்னான்.

"இருபத்தெட்டு, பெரியம்மா."